அட்டையோடு பஸ் ஏறியவர்கள்

சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் மகள் வீட்டுக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறேன். மாலை ஏழு மணி. எதிர்க் கட்டடத்தில் வேலை முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் இருபது பேர், கையில் ஆளுக்கொரு அட்டையோடு சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தினமும் ஏற்றிப்போகும் லாரியின் இரும்புத் தரை சுடும் என்பதால் அட்டை போட்டுத்தான் உட்காருவார்கள். போன மாதம் மழையில் ஒருவன் லாரியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அன்றிலிருந்து எல்லாரும் முதலாளியிடம் விடாமல் பஸ் கேட்டார்கள். இன்று அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

வந்தேவிட்டது! வெள்ளை பஸ், மெத்தை சீட்டு, ஏசி. எனக்கே கை தட்டத் தோன்றுகிறது. தட்டியும்விடுகிறேன்.

“ஏறுங்க லா, சீக்கிரம்,” என்கிறார் டிரைவர், இந்த ஊர்த் தமிழர்.

தினமும் என்னோடு பேசும் அறந்தாங்கி முருகேசன், பழக்கத்தில் முன் சீட்டு மெத்தை மேலும் அட்டையை விரித்து உட்காருகிறான். பஸ் முழுக்கச் சிரிப்பு. வெட்கப்பட்டு, கதவு வழியாக அட்டையை என்னிடம் நீட்டுகிறான்.

“ஆத்தா, பத்திரமா வச்சிருங்க. நாளைக்கு லாரி வந்தாலும் வரும்.”

“வந்தா ஏறுவியாக்கும்? நான் லாரியில நின்னுக்கிட்டே நூல் மில்லுக்குப் போனவடா. பஸ் விட்டப்புறம் ஒரு நாள் மறுபடியும் லாரி அனுப்புனாங்க. ஒருத்திகூட ஏறல, தெரியுமா?”

முருகேசன் இறங்கி வந்து, என் கையிலிருந்து அட்டையை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். திரும்பிப் பார்த்தால், மற்ற பத்தொன்பது பேரும் அட்டையோடு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

“இப்பத்தான ஏறுனீங்க!” என்று டிரைவர் தலையில் கை வைக்கிறார்.

குப்பைத் தொட்டிக்கு முன்னால் வரிசை நிற்கிறது.