கழுத்தில் விட்டுப்போன இடம்

பெங்களூர் ஓசூர் ரோட்டில் ஒரு மருத்துவமனை. கதிர்வீச்சு சிகிச்சையில், டாக்டர் ஸ்கேன் படத்தில் வரைந்து காட்டும் இடத்துக்குக் கதிரை எந்தக் கோணத்தில், எவ்வளவு செலுத்துவது என்று கணக்கிட்டுத் தருவது அங்கே என் வேலை.

தொண்டைப் புற்றுநோய்க்கான ஒரு மருத்துவ ஆய்வில் சேர்ந்திருந்தோம். பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து செய்வது. எங்கும் சிகிச்சை ஒரே தரத்தில் இருக்க வேண்டுமென்பதால், ஒவ்வொரு நோயாளியின் திட்டத்தையும் சென்னையிலிருந்த ஒரு குழு சரிபார்க்கும். அவர்கள் சம்மதித்த பிறகுதான் சிகிச்சை.

எங்கள் முதல் நோயாளி கோலார் தங்கவயல்காரர், பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. திங்கட்கிழமை அவருக்குத் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை சென்னைக் குழுவிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள்.

"சார், லெஃப்ட் சைடு கழுத்துல டாக்டர் வரைஞ்சது கொஞ்சம் மேலயே நின்னுடுது. வேணும்னே விட்டதா?"

எங்கள் டாக்டரம்மா துறையில் பெயர் பெற்றவர். எப்படிச் சொல்வதென்று தயங்கித்தான் சொன்னேன். அவர் ஸ்கேன் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றது கரெக்டு. கீழ இருக்கற நெறிக்கட்டி எல்லாம் கோட்டுக்கு வெளியில நிக்குது. நான்தான் விட்டுட்டேன்" என்றவர், அங்கேயே உட்கார்ந்து திருத்தி வரைந்தார்.

பரப்பு கூடியதும் தண்டுவடத்தில் விழும் கதிரும் கூடிவிட்டது. எப்படிக் கணக்குப் போட்டும் வரம்புக்குள் அடங்கவில்லை. சென்னைக்கே போன் செய்தேன்.

"பின்பக்கக் கோணத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க சார். எவ்ளோ லேட்டானாலும் அனுப்புங்க, நான் இருக்கேன்."

அது கைகொடுத்தது. புதுக் கணக்கை மெஷினில் ஓட்டி அளந்து பார்க்க வேண்டும். மெஷினோ நாள் முழுக்க நிரம்பியிருந்தது. அதை இயக்கும் டெக்னீஷியன் பெண், காத்திருந்தவர்களிடம் தமிழிலும் கன்னடத்திலுமாகப் பேசிவிட்டு வந்தாள்.

"மெஷின் உங்களுக்கு ஃப்ரீ சார். யாரும் கோச்சிக்கல, விஷயத்தைச் சொன்னேன்."

அளவுகள் பொருந்தின. சாயங்காலம் சென்னையிலிருந்து சம்மதம் வந்தபோது டாக்டர் என் கையிலிருந்து போனை வாங்கி, "தேங்க்ஸ்மா. அடுத்த கேஸையும் இப்படியே பாரு. என் பேரைப் பாத்து விட்டுடாதே" என்றார். அவர்மேல் எனக்கிருந்த மரியாதை அன்று இன்னும் கூடியது.

திங்கட்கிழமை நோயாளியிடமும் நடந்ததை டாக்டரே மறைக்காமல் சொன்னார். அந்த மனிதர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப எனக்கோசரம் இத்தினி பேரு பாக்கறீங்களா மேடம்?" என்று கேட்டார். பயந்துபோயிருந்த அவர் மனைவி அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

சிகிச்சை முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். குரல் இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது. கடைசியாகப் பார்த்த ஸ்கேனில் கழுத்து சுத்தமாக இருந்தது.