குளித்துவிட்டு வந்த மழைக்காரன்

எங்கள் கலிமெர்த்தா ஊரில் கஸ்முரியைப் போல் சந்தேகப்படத் தெரிந்த ஆள் கிடையாது. பெர்சிமெர்த்தா கால்பந்து அணியின் உடுப்பு, பூட்ஸ், குடிதண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால், அங்கே கொடுக்கும் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் காதோரம் வைத்துத் திருகுவார். ‘டிக்’ என்று சத்தம் வந்தால் ஆட்டக்காரர்களுக்கு. வராவிட்டால் சாக்கடைக்கு. தங்குமிடத்துச் சமையல்காரன் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசிவிட்டால் போதும், அன்றைக்கு அத்தனை பேருக்கும் வெளிக்கடையில்தான் சோறு.

“கல்யாணத்தன்னிக்கு என்னையே ரெண்டு தடவ திரும்பிப் பாத்த மனுஷன் இவரு. பொண்ண மாத்தி உக்கார வச்சிட்டாங்களோன்னு!” என்பாள் அவர் மனைவி துரினா.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்கும் காரணம் இருந்தது. அந்த அணி எங்கள் ஊர் உப்பளத்தில் பிறந்தது. உப்புக் கூடை சுமந்தவர்களும் சர்க்கரை ஆலை ரயிலில் கரும்பு ஏற்றியவர்களும் சேர்ந்து, மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களில் ஆட ஆரம்பித்தார்கள். வெள்ளைச் சட்டை, நீல நிக்கர். எங்கள் குளங்களில் வளரும் பாண்டெங் மீனின் பெயரால் ‘பாண்டெங் படை’ என்று ஊர் கூப்பிட்டது. முள் அதிகம் உள்ள மீன் அது. எங்களை விழுங்க வருகிறவன் தொண்டையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம்.

கஸ்முரி இளைஞராக மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது அணி முதல் தடவையாக மேல் பிரிவுக்கு ஏறும் ஆட்டம் வந்தது. நான்கு முறை பந்து கோல் கம்பத்தில் மோதித் திரும்பியது. தோற்றார்கள். ஊர் அழுதது. மறுநாள் காலை கஸ்முரி அந்தக் கம்பத்தடியைத் தோண்டினார். மண்ணுக்குள் கறுப்புத் துணி சுற்றிய முட்டை ஒன்று இருந்தது. எந்தக் கோழியாவது வந்து இட்டிருக்கும் என்றார் அப்போதைய பயிற்சியாளர். துணி சுற்றி முட்டையிடும் கோழியைத் தனக்குக் காட்டும்படி கஸ்முரி கேட்டார்.  அடுத்த வாரமே கஸ்முரியிடம் உடுப்பு அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

அதிலிருந்து இருபத்து நான்கு வருடம். பின்னால் ஒரு நாள் அணி மேலே ஏறியதும், இறங்கியதும், மறுபடி இரண்டாம் பிரிவில் ஒட்டிக்கொண்டதும் எல்லாம் அந்தச் சாவி அவர் கையில் இருந்தபோதுதான் நடந்தன. மாவட்ட அரசாங்கப் பணத்தில் ஓடிய அணி அது. அரசாங்கப் பணம் கூடாது என்று மேலிருந்து உத்தரவு வந்த வருடம் தள்ளாடிப்போய், பிழைப்பதற்காக ஒரு கம்பெனியானது. அந்தக் கம்பெனி மீன்குளமும் ஐஸ் ஆலையும் வைத்திருந்த ஹாஜி ரொமாடியின் கைக்குப் போனது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டையின் நிறம் மாறவில்லை, பெயர் மாறவில்லை, அப்புறம் என்ன?

அந்த வருடக் கடைசி ஆட்டத்துக்கு வருவோம். மலைப்பக்கத்து அணியோடு, எங்கள் மைதானத்தில். வென்றால் இரண்டாம் பிரிவில் இருக்கலாம். சமன் ஆனாலும் மூன்றாம் பிரிவுதான். மூன்றாம் பிரிவுக்கு விழுந்த அக்கம்பக்கத்து அணிகள் என்ன ஆயின என்று கஸ்முரிக்குத் தெரியும். ஒன்றின் மைதானத்தில் இப்போது சந்தை நடக்கிறது. கீழே போனால் ஹாஜி கையைக் கழுவிவிடுவார், அணி செத்துவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

எங்கள் பையன்கள் ஒல்லியாக, வேகமாக ஓடுகிறவர்கள். காய்ந்த தரை வேண்டும். மலைக்காரர்கள் ஆளுயரத் தூண்கள். சேற்றில் பந்தைத் தூக்கித் தூக்கி அடித்தே ஜெயித்துவிடுவார்கள். மழைக்காலம் வேறு தொடங்கியிருந்தது. ஆகவே ஊரின் உயிர் சர்ப்பின் என்ற மழைக்காரன் கையில் இருந்தது.

சர்ப்பின் மற்ற நாட்களில் மைதான வாசலில் விசில் ஊதி வண்டி நிறுத்துகிறவன். ஆட்ட நாளில் மழையைத் தள்ளி நிறுத்துகிறவன். அவன் அப்பாவும் அதையே செய்தவர். தென்னந்துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு, ஈர்க்குகளில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி, ஓரமாக உட்கார்ந்து முணுமுணுப்பான். ஒரே ஒரு நிபந்தனை, ஆட்டம் முடியும்வரை உடம்பில் தண்ணீர் படக்கூடாது. மழைக்காரன் குளித்தால் வானமும் குளிக்கும்.

ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு, ரயிலடி விடுதியில் இரண்டு வெளியூர்க்காரர்கள் வந்து தங்கினார்கள். பூப்போட்ட புது பாத்திக் சட்டை, பளபளக்கும் ஷூ. பேச்சு கடலுக்கு அப்பால், களிமந்தான் தீவுப் பக்கத்துப் பேச்சு. பயிற்சியை வேலி ஓரம் நின்று பார்த்தார்கள். மைதானத்தைப் படம் எடுத்தார்கள். கஸ்முரிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அதே சாயங்காலம் மாக் ஜும்ரோ என்ற அம்மாவின் காபிக்கடையில் அந்த இருவரும் சர்ப்பினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தன் கிராம்பு சிகரெட் பெட்டியையே சர்ப்பின் பக்கம் தள்ளினான். சர்ப்பின் இரண்டு எடுத்துக் காதுக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டான்.

இனி என்ன வேண்டும்? மலைக்காரர்கள் மழையை விலைக்கு வாங்குகிறார்கள்.

மறுநாள் உடுப்பு அறையில் கஸ்முரி பூட்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டினான் சர்ப்பின். எங்கள் ஊரில் அண்ணனுக்குக் ‘காங்’, ஐயாவுக்கு ‘பாக்’.

“காங், ஒரு விஷயம் சொல்லணும். உள்ள வரட்டுமா?”

“அங்கேயே நில்லு. எவ்வளவு குடுத்தானுங்க?”

“யாரு?”

“காதுல சொருகிக்கிட்டியே, அவனுங்க.”

“ஐயோ காங், ரெண்டு சிகரெட்டு! நான் அவங்க பேசுனதக் காதால கேட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன். பாக் ஹாஜி கிட்டப் போனேன், அவரு என்னப் பாத்து வண்டி நிறுத்துற வேலயப் பாருன்னுட்டாரு. நீங்களாவது…”

“பாக் ஹாஜியே வெரட்டிட்டாரா? அப்ப நான் உன்ன உக்கார வச்சு காபி குடுக்கணுமாக்கும்?”

கஸ்முரி கதவை அறைந்து சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார்.  சர்ப்பின் வெளியிலிருந்து பலகை இடுக்கில் வாயை வைத்துச் சொன்னான்.

“காங், இந்த ஆட்டத்துல தோத்தாத்தான் நமக்கு நல்லது. தயவுசெஞ்சு கேளுங்க.”

 திருடன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று நினைத்தார் கஸ்முரி. அன்று மாலைக்குள் ஊரில் பாதிப்பேர் காதில் அதைப் போட்டாகிவிட்டது. மீதிப்பேருக்கு அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆட்ட நாள். மதியமே தெற்கே மேகம் கறுத்துக்கிடந்தது. சர்ப்பின் துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றான். தலைமுடி படிந்து சீவியிருந்தது. கஸ்முரி கிட்டே போய் அவன் கழுத்தில் மூக்கை வைத்தார். சோப்பு வாசனை!

“குளிச்சிட்டு வந்திருக்கியாடா?”

சர்ப்பின் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆமா காங்.”

“மணக்க மணக்கச் சோப்பு போட்டு?”

“ஆமா. கேட்டாத்தானே சொல்லுவேன்? கதவ அடச்சிட்டீங்க. எனக்குத் தெரிஞ்ச வழி இதான்.”

சுற்றியிருந்தவர்கள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு அடி விழவும் விழுந்தது. கஸ்முரிதான் விலக்கி அவனை வாசலுக்கு வெளியே தள்ளினார். தள்ளும்போது அவருக்கு உள்ளுக்குள் அவன் மேல் இரக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையும் களவுமாகப் பிடித்த திருப்திதான் இருந்தது.

ஆனால் மழையை யார் நிறுத்துவது? வேறு மழைக்காரனைத் தேட நேரமில்லை. கஸ்முரி காலையில் குளித்துவிட்டார். ஆட்டக்காரர்கள் குளித்துவிட்டார்கள். பாங்கு கேட்டு, கைகால் கழுவித் தொழுதுவிட்டு வந்த ஊரே சுத்தமாக இருந்தது. கஸ்முரி வீட்டுக்கு ஓடினார். துரினா கடைசி நிமிடம்வரை ஆட்டச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததால் வியர்வையோடு அப்படியே நின்றிருந்தாள்.

“நீ குளிச்சியா?”

“எங்க நேரம் விட்டீங்க? இப்பத்தான் போறேன்.”

“போகாத! அல்லா மேல ஆணை, ஒரு சொட்டுத் தண்ணி தொடாத. மொளகாயும் வெங்காயமும் எடு.”

“நாப்பது வயசுல எனக்கு இந்தப் பதவியா?” என்றாள் அவள். ஆனாலும் வந்தாள். மூலைக்கொடி பக்கத்தில் துடைப்பத்தை நட்டு, சமையலுக்கு வைத்திருந்த மிளகாயைக் குத்தி, மந்திரம் ஒன்றும் தெரியாததால் மேகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாமியாரைத் திட்டுவது போல இருந்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

மேகம் மைதானத்தின் தலைக்கு மேல் வந்து நின்றது. காற்று அடித்தது. பிறகு அப்படியே வடக்கே கடல் பக்கம் விலகிப்போய்விட்டது. காய்ந்த தரையில் எங்கள் ஒன்பதாம் எண் யான்சன், ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, இரண்டு தூண்களுக்கு நடுவே புகுந்து கோல் போட்டான். விசில் ஊதியது. எண்ணாயிரம் பேர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். எல்லாரையும்விட உயரமாகக் குதித்தவர்கள் அந்த இரண்டு பாத்திக் சட்டைக்காரர்கள். ஒருவன் அழவே செய்தான். கஸ்முரி குழம்பினார். மலைக்காரர்களின் ஆட்கள் எங்கள் கோலுக்கு அழுவார்களா? ஒருவேளை நல்லவர்களைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சந்தேகம் தன் மேலேயே வந்தது. போய் அந்த ஆளைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவனும் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

“ரொம்ப நன்றி பாக். நீங்க எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது” என்றான்.

துரினாவைத் தோளில் தூக்காத குறை. அவள் வீட்டுக்குப் போய்க் குளித்தாள். அவள் தலையில் முதல் குவளை தண்ணீர் விழுந்தபோது வெளியே மழை கொட்டத் தொடங்கியது என்று இன்றும் சத்தியம் செய்கிறார்கள்.

மூன்றாவது வாரம் உண்மை வந்து தலையில் கல்லைப் போட்டது. களிமந்தானில் தஞ்சுங் ராவி என்று ஒரு நிலக்கரி ஊர். பெரிய மைதானம் கட்டிவிட்டார்கள், ஆட அணி இல்லை. புதிதாகத் தொடங்கினால் அடியிலிருந்து ஏற வேண்டும், பத்து வருடம் ஆகும். ஆகவே இரண்டாம் பிரிவில் இடம் உள்ள ஒரு அணியைக் கம்பெனியோடு வாங்கிக்கொண்டு போக ஆள் அனுப்பினார்கள். பெர்சிமெர்த்தா இரண்டாம் பிரிவில் நின்றால் வாங்குவது, மூன்றாம் பிரிவுக்கு விழுந்தால் திரும்பிப் பார்க்காமல் போவது என்று ஹாஜியோடு பேச்சு. காபிக்கடை பெஞ்சில் சர்ப்பின் கேட்டது அதுதான்.

வென்றதால் விற்றுவிட்டார்கள். தோற்றிருந்தால் வாங்க நாதி இருந்திருக்காது. மூன்றாம் பிரிவில், சேற்றில், வெள்ளைச் சட்டையோடு எங்கள் அணி எங்களிடமே கிடந்திருக்கும். கஸ்முரி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஹாஜி கூப்பிட்டு, தஞ்சுங் ராவியில் அவருக்கும் வேலை உண்டு, குடும்பத்தோடு போகலாம், அந்த இருவரும் அவரைத்தான் குறிப்பாகக் கேட்டார்கள் என்றார். கஸ்முரி சாவியை மேசையில் வைத்து, போகவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதைக் கேட்க அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

புது வருட ஆட்டங்கள் தொடங்கிய முதல் ஞாயிறு, மாக் ஜும்ரோ கடையில் தொலைக்காட்சி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. யான்சன் தஞ்சுங் ராவியின் சிவப்புச் சட்டையில் ஓடினான். இந்த ஆண்டு பிறந்த புத்தம்புது அணி என்று வர்ணனையாளர் சொன்னார்.  அப்போது சர்ப்பின் காபி வாங்க உள்ளே வந்தான். ஆட்டம் இல்லாத ஊரில் வண்டி நிறுத்தும் வேலையும் போய், அவன் மீன்குளத்தில் கூலிக்கு இறங்கியிருந்தான்.

“வாடா சோப்பு. இன்னிக்கு யாருக்காகக் குளிச்ச?” என்றான் ஒருவன். கடை சிரித்தது.

கஸ்முரி எழுந்து நின்றார். 

“சிரிக்காதீங்க. இவன் எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்ல வந்தான். நான்தான் மூஞ்சில கதவ அடிச்சேன். நான்தான் இவன் பேரக் கெடுத்தேன். டீம் போனது இவனால இல்ல, என்னால.”

சிரித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாக் ஜும்ரோ குவளையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்.

“அதெல்லாம் சரி காங். அந்த பாத்திக் சட்டைக்காரன நீங்க கட்டிப் பிடிச்சத நானே பாத்தேன். அவன் உங்களுக்கு நன்றி சொன்னதையும் கேட்டேன். நீங்களும் தஞ்சுங் ராவிக்குப் போறீங்களாமே?”

“கூப்பிட்டாங்க. போகலன்னுட்டேன்.”

“அப்படியா?” என்றாள் அவள். அடுத்த குவளையை எடுத்தாள்.

கஸ்முரி கடையைச் சுற்றிப் பார்த்தார். இருபத்து நான்கு வருடமாக அவர் தோளில் கை போட்ட முகங்கள். ஒவ்வொன்றும் அவரை மேலும் கீழும் அளந்தது. கடைசியில் சர்ப்பின் பக்கம் திரும்பினார். இவனாவது நம்புவான் என்று நினைத்தார்.

சர்ப்பின் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்தான்.

“நெஜமாவே போகலையா, காங்?”