அத்ரியானுக்குத் தடுக்கிய இடம்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் கோபிநாத்தின் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே, முதல் மாடியில், அத்ரியான் தனியாக இருக்கிறார். ஐம்பது தாண்டிவிட்டது. வீடு அவருடைய பப்பா கட்டியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக, இருந்து ஓய்வுபெற்று வந்தவர் அவர். அண்ணன் க்சாவியே குடும்பத்தோடு பிரான்ஸில். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இங்கே இருக்கவேண்டும் என்று அத்ரியான் தங்கினார். அம்மா இறந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "குளிர் ஒத்துக்காது" என்றார்.

குளிர் ஒரு பொருட்டே இல்லை. அவருக்குக் காது கேட்காது. தெரிந்த ஊரில் அதை மறைத்துக்கொண்டு வாழ முடிந்தது. தெரியாத ஊரில் முடியாது.

பிறவியிலேயே அப்படி இல்லை. கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தார். நாற்பதுக்கு மேல் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவரைவிட்டு விலகியது. முதலில் போனில் வந்த குரல்கள் போயின. பிறகு முதுகுப்பக்கம் நின்று பேசுகிறவர்கள் போனார்கள். அறைக்குத் தண்ணீர் கேட்ட ஒருவருக்கு டாக்ஸி வரவழைத்துக் கொடுத்தார். அந்த ஆள் சிரித்துவிட்டுப் போனான். மேனேஜர் சிரிக்கவில்லை. அத்ரியானைப் பின்னறையில் உட்காரவைத்து, ஹோட்டலின் வெப்சைட்டையும் மெயில்களையும் பார்க்கச் சொன்னார். அத்ரியான் காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டார். ஃபேன் சத்தமும் பேச்சும் ஒரே கூழாக வந்தன. கழற்றி அலமாரியில் வைத்தார்.

பின்னறை வேலை அவருக்குப் பிடித்துப்போனது. காரை எங்கே நிறுத்துவது என்று ஒரே கேள்வி மெயிலில் வந்துகொண்டே இருந்தது. பதில் வெப்சைட்டில் இருக்கத்தான் செய்தது, கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். அதைத் தூக்கி முகப்புக்குக் கொண்டுவந்தார். கேள்வி நின்றது. முகம் தெரியாத யாரோ ஒருவர் தடுமாறாமல் வந்து சேர்ந்தார் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். ஹோட்டல் கைமாறியபோது வேலை போயிற்று. அந்தப் பழக்கம் மட்டும் கூடவே வந்தது.

ஃபேஸ்புக்கில் 'நம்ம பக்கம்' என்று ஒரு குழு இருந்தது. லாஸ்பேட்டையில் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கும் ஹேமலதா அதை நடத்தினார். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்கள், சொந்தமாகச் சின்ன வெப்சைட்டோ பிளாகோ வைத்திருப்பவர்கள், அதில் லிங்க்கைப் போட்டு, "பாத்துட்டு சொல்லுங்க" என்பார்கள். பெரும்பாலும் நாலு கட்டைவிரல் வரும். "சூப்பர்" என்று இரண்டு பேர் எழுதுவார்கள். அதோடு சரி.

அத்ரியான் அப்படிச் செய்யவில்லை. ஒரு பிளாகைப் பற்றிச் சொல்லும் முன் அதில் இருக்கும் எல்லாவற்றையும், முதல் பதிவிலிருந்து, படித்தார். கம்ப்யூட்டரில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை, மொட்டை மாடி வெயிலில் நின்று ஒரு தடவை. பிறகுதான் எழுதுவார். எது நன்றாக இருக்கிறதோ அதை முதலில் சொல்வார், பொத்தாம் பொதுவாக இல்லாமல் இன்ன படம், இன்ன வரி என்று. குறையைக் குறை என்று எழுதமாட்டார். "எனக்கு இங்க தடுக்குச்சு" என்பார். வீட்டில் கேக் செய்து விற்கும் ரோசா என்ற பெண்ணுக்கு அவர் இப்படி எழுதினார்:

"பிளம் கேக்கை வெட்டி வச்ச படம் பாத்ததும் வாங்கணும்னு தோணிச்சு. வாங்கப் போனா எனக்குத் தடுக்குச்சு. நீங்க எந்த ஊர்னு தேடினேன், கெடைக்கல. பச்சை மேல சிவப்பு எழுத்து கிறிஸ்மஸுக்கு அழகு, ஆனா என் கண்ணுக்கு வெலை தெரியல. ஊர் பேரும் போன் நம்பரும் கேக் படத்துக்கு நேர் கீழ இருந்தா என்ன மாதிரி ஆளு திரும்பிப் போகமாட்டான்."

ரோசா அன்றைக்கே மாற்றினாள். இப்படிப் பல பேர். யார் மனமும் நோகவில்லை, ஏனென்றால் தங்களை ஒருவர் முழுசாகப் படித்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஹேமலதா தன் பிளாகுக்காக எந்தெந்தத் தெருவில் எந்த மரத்தைப் படம் எடுத்தார், ரோசாவின் அடுப்பு எப்போது பழுதானது, யாருடைய பையன் பத்தாவதில் தோற்றான் என்பதெல்லாம் அத்ரியானுக்குத் தெரியும். அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய்வருவார். பூசை முழுவதும் மனப்பாடம் என்பதால் அங்கே கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மற்ற நாட்களில் சில நேரம் தன் குரலே தனக்குள் எப்படி இருந்தது என்று மறந்துபோகும் அளவுக்கு யாரோடும் பேசாமல் இருப்பார்.

அந்தக் குழுவுக்கு வீராம்பட்டினத்திலிருந்து நெடுமாறன் வந்தான். எலக்ட்ரிஷியன் வேலை. அப்பா வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். காலையில் கடல் என்ன நிறத்தில் இருந்தது, யார் வலையில் என்ன பட்டது என்று தினமும் பத்து வரி எழுதிவந்தான். எழுத்து அருமை. பக்கம்தான் கண்றாவி. கறுப்புப் பின்னணியில் நீல எழுத்து, அதன்மேல் நகர்ந்துகொண்டே இருக்கும் அலைகள்.

அவன் லிங்க்கைப் போட்ட அன்று குழுவே பிடித்துக்கொண்டது. "தொறந்ததும் பாட்டு தானா ஓடுது தம்பி, ஆபீஸ்ல மானம் போச்சு." "மொதல்ல அந்தப் பாட்டை நிறுத்துங்க." "யாருங்க அது பாடுறது, தாங்கல."

அத்ரியான் அந்தக் கருத்துகள் வரும் முன்பே படிக்க ஆரம்பித்திருந்தார். படித்து முடித்து, நீளமாக எழுதினார். அலைகள் நகர்ந்தால் படிக்கிற கண்ணும் கூடவே நகர்ந்துவிடுகிறது என்றார். வெள்ளைப் பின்னணி போதும், கடல் உங்கள் வரிகளிலேயே இருக்கிறது என்றார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாட்டு ஓடுகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

நெடுமாறன் தனியாகச் செய்தி அனுப்பினான். "அண்ணே, எல்லாரும் பாட்டைத் திட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் திட்டல. அது எங்கம்மா பாடினது. எனக்காக அவங்களே கட்டின பாட்டு. போன வருசம் செத்துட்டாங்க. போன்ல இது ஒண்ணுதான் இருக்கு."

அத்ரியான் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தார். எனக்குக் காது கேட்காது தம்பி என்று எழுதியிருக்கலாம். எழுத ஆரம்பித்து அழித்தார். இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒருவர் இப்படி மனசு விட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. கடைசியில், "நல்ல குரல் தம்பி. மனசைத் தொட்டுச்சு" என்று அனுப்பினார்.

அன்றிலிருந்து நெடுமாறன் தினமும் எழுதினான். அம்மா மீன் ஆய்ந்தது, அம்மா சண்டை போட்டது, ஆடி மாதத் தேருக்கு அம்மா புதுச்சேலை கேட்டு அழிச்சாட்டியம் செய்தது. அத்ரியான் பதில் எழுதினார். காலையில் எழுந்ததும் போனைப் பார்க்க ஒரு காரணம் கிடைத்தது. அந்தக் காரணம் பொய்யின்மேல் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். நாள் ஆக ஆக உண்மையைச் சொல்வது இன்னும் கடினமானது.

பொங்கல் கழிந்து, ஹேமலதா ஒரு சந்திப்பு ஏற்பாடு செய்தார். லாஸ்பேட்டையில் ஒரு ஓட்டலில் சாயங்காலம் எல்லோரும் வருவது என்று. அத்ரியான் போகமாட்டேன் என்றுதான் இருந்தார். "நீங்க வரலன்னா நான் போகலண்ணே" என்று நெடுமாறன் எழுதினான். போனார்.

அந்த ஓட்டலில் பீங்கான் தட்டுகளும் மின்விசிறிகளும் ஒரே சத்தமாக இருந்திருக்க வேண்டும். மேஜையைச் சுற்றி வாய்கள் அசைந்தன. யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்துத் திரும்புவதற்குள் வேறொருவர் பேசத் தொடங்கினார். எல்லோரும் சிரித்தபோது சிரித்தார். ஹேமலதா எழுந்து அவரைக் காட்டி ஏதோ சொன்னார், கைதட்டினார்கள். அது பாராட்டு என்று புரிந்தது. பதிலுக்கு, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார் போல. பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள்.

நெடுமாறன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டான். போனை எடுத்து, எதையோ அழுத்தி, அவர் காதருகே பிடித்தான். முகம் முழுக்க ஆசை.

அத்ரியானுக்குக் காதருகே லேசான அதிர்வு மட்டும் தெரிந்தது. கேட்பதுபோலத் தலையை ஆட்டினார். அவன் போனை எடுத்ததும், "அம்மா அம்மாதான் தம்பி. என்ன குரல்!" என்றார்.

நெடுமாறன் முகம் மாறியது. "அண்ணே, இது அம்மா இல்ல. என் பொண்ணு. அம்மா பாட்டை இவ பாடுறா. ஏழு வயசு."

அத்ரியான் உதட்டைப் பார்த்தார். 'அம்மா' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. "ஆமா, ஆமா. அம்மா" என்று சிரித்தார்.

நெடுமாறன் போனைச் சட்டைப்பையில் வைத்தான். எழுந்துபோய் மறுகோடியில் உட்கார்ந்தான். ஏதோ தவறிவிட்டது என்று அத்ரியானுக்குப் புரிந்தது. எது என்று தெரியவில்லை. கேட்டாலும் பதில் காதில் விழாது. காபி வருவதற்குள் ஹேமலதாவிடம் வயிற்றைக் காட்டி, முடியவில்லை என்று சைகை செய்துவிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தார்.

மறுநாள் காலை நெடுமாறனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "கொழந்த கொரலுக்கும் கெழவி கொரலுக்கும் வித்தியாசம் தெரியாதாண்ணே? நீங்க பாட்டைக் கேக்கவே இல்ல, சும்மா சொல்லிருக்கீங்க."

அத்ரியான் அன்று சமைக்கவில்லை. மத்தியானம் வரை நாற்காலியிலேயே இருந்தார். தன்னை நல்லவிதமாகக் காட்டிக்கொள்ளும் நாலைந்து பதில்கள் தோன்றின. ஒன்றையும் எழுதவில்லை. பிறகு, மற்றவர்களுக்கு எழுதுவதுபோலவே, தொடக்கத்திலிருந்து எழுதினார்.

"தம்பி, நீ சொன்னது சரி. நான் கேக்கல. எனக்குக் கேக்காது. பத்து வருசமா ரெண்டு காதும் கேக்காது. யாருகிட்டயும் சொன்னதில்ல. உன் பக்கத்துல பாட்டு இருக்குன்னே எனக்குத் தெரியாது. நீ அம்மாவப் பத்தி எழுதினதும், இல்லன்னு சொல்ல மனசு வரல. உன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கணும்னு ஆசை. அதான் பொய் சொன்னேன். மன்னிச்சிடு.

அப்ப சொல்லாம விட்டத இப்ப சொல்றேன். பாட்டு தானா ஓட வேணாம். வர்றவங்க அழுத்தினா ஓடட்டும், அப்பதான் கேக்கணும்னு நெனச்சவன் கேப்பான், உங்கம்மாவ யாரும் திட்டமாட்டான். அதுக்குக் கீழ பாட்டை எழுத்துல போடு. என்ன மாதிரி ஆளுங்க இருப்பாங்க. இல்லன்னாலும் நான் ஒருத்தன் இருக்கேன்."

பதில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. நெடுமாறன் பிளாகில் கடலைப் பற்றியும் எழுதவில்லை. குழுவில் புதிதாக இரண்டு பேர் லிங்க் போட்டிருந்தார்கள். அத்ரியானுக்கு அவற்றைத் திறக்க மனம் வரவில்லை. மாடியிலிருந்து கீழே இறங்கியபோது கோபிநாத் வழக்கம்போலக் கையை உயர்த்தினான். அத்ரியான் நின்று, "எனக்குக் காது கேக்காது கோபி" என்றார். சொல்லிப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

கோபிநாத் ஒரு பில் தாளைத் திருப்பி எழுதிக் காட்டினான். "தெரியும்ணே. அதான் கை காட்டுறேன்."

மாசி பிறந்த பிறகு ஒரு நாள் நெடுமாறனின் பக்கம் மாறியிருந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. முகப்பில் அம்மாவின் படம், அதன் கீழே ஒரு சின்னப் பொத்தான், 'அம்மா பாட்டு கேக்க இங்க அழுத்துங்க' என்று. அதற்கும் கீழே பாட்டு எழுத்தில் இருந்தது.

"காத்தே கெழக்க போ
கட்டுமரம் கரை ஏறட்டும்
(இங்க அம்மா இருமுவாங்க)
கண்ணு மூடு என் கருவாட்டுத் துண்டே
வெளக்க அணைக்கல நான்
(பக்கத்து வீட்டு நாய் கொரைக்கும். அம்மா அதத் திட்டுவாங்க, அப்பறம் சிரிப்பாங்க)
அப்பன் வந்தா எழுப்புறேன்"

அத்ரியான் அதைப் பலமுறை படித்தார். இருமலுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார். பாட்டைக் கேட்டதாக ஆகாது. அது அவருக்கும் தெரியும்.

'எல்லா எழுத்தும் படிக்க முடியுது. எனக்கு எங்கயும் தடுக்கல' என்று செய்தி அனுப்பினார்.

"செரிண்ணே. இனிமே கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிடுங்க" என்று வந்தது. பழைய பிரியம் அதில் முழுதாக இல்லை. கோபமும் இல்லை.

தனக்குக் காது கேட்காது என்று குழுவில் அவரே எழுதிச் சொன்னார். நிறைய இதயங்கள் வந்தன. ஹேமலதா வருந்தி நீளமாக எழுதினார். அடுத்த சந்திப்பில் அவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசியதைப் போனில் தட்டித் தட்டிக் காட்டினார்கள். அரைமணி நேரத்தில் அவர்களுக்கே கை ஓய்ந்து, பேச்சில் கலந்துவிட்டார்கள். அவர் குற்றம் சொல்லவில்லை. முன்னைப்போலப் பொய்யாகச் சிரிக்கவும் இல்லை. சாப்பிட்டு, விடைபெற்று, பஸ்ஸில் வந்தார்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தபோது, படிக்கட்டில் நெடுமாறனும் அவன் மகளும் நின்றிருந்தார்கள். கையில் பாலிதீன் பையில் மீன். அத்ரியான் தேநீர் போட்டார். நெடுமாறன் போனில் தட்டிக் காட்ட, அவர் வாயால் பதில் சொன்னார். பேச்சு மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. பெண் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்தாள், பிறகு வந்து அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"கெளம்பணும்னு சொல்றாண்ணே" என்று காட்டினான்.

"போயிட்டு வாங்க. வெயில் ஏறுது" என்றார் அத்ரியான்.

கிளம்பும்போது பெண் அவர் முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, "வர்-றேன் தாத்-தா" என்றாள். அவருக்குப் புரிந்தது. படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீனைக் கழுவ எடுத்தார். ஒரு ஆளுக்கு அது மிக அதிகம். பாதியைக் கோபிநாத்துக்குக் கொடுத்துவிட்டு வந்து, மீதியை ஆய்வதற்கு உட்கார்ந்தார்.