துணைக்குப் போனவளின் இடது கண்

கோவில்பட்டி கண் ஆஸ்பத்திரியின் நடையில் நான் உட்கார்ந்திருந்தது நோயாளியாக அல்ல. நோயாளி என் வீட்டுக்காரர். இரண்டு கண்ணிலும் புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை கலங்கி, பார்வை புகைபடிந்தது போல் ஆவது). வலது கண்ணுக்கு அன்று ஆபரேஷன். எந்தக் கண் என்று தெரிவதற்காக நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள்.

அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்ததே பெரும்பாடு. வெள்ளாடு வளர்ப்பவர், உளுந்து விதைக்கக் கொஞ்சம் மானாவாரிக் காடும் உண்டு. உளுந்துக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாமல் பிடுங்கியபோதும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆட்டை நம் ஆடு என்று ஓட்டிவந்து கட்டிவிட்டு, அது கத்தக் கத்த அதட்டிக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரருக்கு ஆடு அடையாளம் தெரியவில்லை என்றால் ஊர் சும்மா விடுமா? அந்த மானக்கேட்டில்தான் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பசுவந்தனையில் கோவில்பட்டி பஸ் ஏறினார்.

நடையில் சும்மா உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு நர்ஸ் வந்தார். துணைக்கு வந்தவர்களும் நாற்பது வயது தாண்டியிருந்தால் கண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கண்ணைப் போய் யாராவது பரிசோதிப்பார்களா?

ஏன் சிரித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். நான் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் யூனிட் ஒன்றில் தையல்காரி. காலையில் யூனிட் வேன் ஊருக்கு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். பெண் குழந்தைகளின் கவுன் தைக்கிறோம். எங்கள் மத்தியில் கண்ணுக்கு ஒரே பரீட்சைதான்: ஊசியில் நூல் கோக்க முடிகிறதா? முடிந்தால் நல்ல கண், முடியாவிட்டால் கண் போச்சு. நாற்பதைத் தாண்டியதும் ஒவ்வொருத்தியாகத் தோற்றுப்போவாள். நூல் அறுந்தால் என்னைத்தான் கூப்பிடுவாள். ஐம்பதைத் தாண்டியும் கண்ணாடி இல்லாமல் ஒரே குத்தில் கோத்துக் கொடுப்பேன். எழுந்து போகும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

ஆகவே, பொழுது போகட்டும் என்றுதான் அந்த நர்ஸின் பின்னால் போனேன்.

தூரத்து எழுத்துகளில் கடைசி வரிகள் எனக்குத் தெரியவில்லை. அது எனக்கே புதிதாக இருந்தது. பஸ் போர்டை எப்போதும் யாராவது வாசித்துச் சொல்வார்கள், நானும் ஏறிவிடுவேன். அதன் பிறகு கண் அழுத்தம் அளந்தார்கள். கருமணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா வந்து என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வலது கண்ணைப் பார்த்தார். இடது கண்ணைப் பார்த்தார். மறுபடியும் இடது கண்ணுக்கே வந்தார். டாக்டர் கூடுதல் நேரம் பார்த்தால் நல்லதுக்கில்லை என்பது எந்த ஆஸ்பத்திரியிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் வீட்டுக்காரருக்குக் கட்டுப் பிரிக்கும்போது எனக்கும் இன்னொரு சோதனை இருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் செய்தது பார்வைப் பரப்புச் சோதனை (நேராகப் பார்த்தபடியே சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளப்பது). ஒரு கண்ணை மூடிவிட்டு, கிண்ணம் போன்ற ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியை விட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது. ஓரங்களில் எங்காவது வெளிச்சப் பொட்டுத் தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்கு மளமளவென்று அமுக்கினேன். இடது கண்ணுக்கு மாறியதும் மிஷின் அடிக்கடி நின்றுபோனது. பொட்டு ஒன்று வரும், பிறகு ஒன்றும் இருக்காது. பழைய மிஷின் போலிருக்கிறது என்று நினைத்து, பொறுமையாகக் காத்திருந்தேன்.

"மிஷினு கோளாறா டாக்டர்? நடுவுல நடுவுல லைட்டே வரலையே."

டாக்டரம்மா சோதனைத் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கும்மா. லைட் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியல."

எனக்குக் கிளாக்கோமா (கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கும் நோய்). இடது கண்ணில் பாதிக்கு மேல் போயிருந்தது. வலது கண்ணில் ஆரம்பம்.

நான் சண்டைக்குப் போனேன். கண் கெட்டவள் எப்படி நூல் கோப்பாள் என்று கேட்டேன். யூனிட்டில் வந்து விசாரிக்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இந்த நோய் முதலில் ஓரத்துப் பார்வையைத்தான் எடுக்கும், நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும், ஊசி முனை துல்லியமாகத் தெரிந்துகொண்டேதான் இருக்கும் என்றார். அது மட்டுமல்ல, இந்த வயதில் கண்ணாடி இல்லாமல் நூல் கோக்க முடிவதே எனக்குக் கிட்டப்பார்வை (பக்கத்தில் இருப்பது தெளிவாகவும் தூரத்தில் இருப்பது மங்கலாகவும் தெரிவது) இருப்பதால்தானாம். அப்படிப்பட்ட கண்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு கூடுதலாம். இத்தனை வருஷம் எதைக் காட்டிப் பெருமை அடித்தேனோ, அதுவே எச்சரிக்கையாக இருந்திருக்கிறது.

"போனது திரும்பி வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்திரலாம். ஆனா சொட்டு மருந்தை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது."

வெளியே வந்தால், கட்டுப் பிரித்த வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதிர்ந்துபோனார். "என்ன செல்லத்தாயி, ஒனக்கு இம்புட்டு நரச்சிருக்கு?" என்றார். வேறு நாளாக இருந்தால் நல்ல பதிலாகக் கொடுத்திருப்பேன். அன்று மருந்துச் சீட்டை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பயந்தேன். அதை நேராகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே நோயோடு இதை வாசிக்கும் உங்களுக்கும் அந்தப் பயம் இருக்கும். முழுசாகக் கண் போய்விடுமோ என்று பயந்தேன். ஒரு நாள் காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கும், எல்லோரும் ஏறுவார்கள், நான் வாசலிலேயே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். அந்த வேனும் அந்தத் தையல் மிஷினும்தான் என் சொந்தக் கால்.

பிறகு, முன்பு நடந்ததெல்லாம் வேறு மாதிரி புரியத் தொடங்கியது. தைப்பதற்கு வெட்டிக் கட்டிய துணிகளை மிஷினுக்கு இடப்பக்கம் அடுக்கிவைப்போம். என் அடுக்கு அடிக்கடி சரிந்து விழும். இடப்பக்கத்து மிஷின்காரி மாரியம்மாள்தான் இடிக்கிறாள் என்று அவளை ஏசியிருக்கிறேன். புதியம்புத்தூர் பஜாரில் ஒரு மோட்டார் சைக்கிள் என்னை உரசிக்கொண்டு போனபோது, ஓட்டியவனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டியிருக்கிறேன். பாவம், அவன் என் இடப்பக்கமாக ஹாரன் அடித்துக்கொண்டுதான் வந்தானாம். தெரியாத இடம் கறுப்பாகத் தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. அங்கே ஒரு இடம் இருப்பதே தெரியாது. அதனால்தான் இந்த நோயை நாமாகக் கண்டுபிடிக்க முடியாது, யாராவது கண்ணுக்குள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மாரியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தையலை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, நீங்க எம்மேல உள்ள கோவத்துலதான் அடுக்க எம்பக்கம் தள்ளிவிடுதீயன்னுல்லா இத்தன நாளும் நெனச்சேன்" என்றாள். அன்றே என் அடுக்கை வலப்பக்கத்துக்கு மாற்றி வைத்தாள்.

சொட்டு மருந்து விடுவதும் ஒரு வேலைதான், பழக வேண்டும். முதலில் நான் வீட்டுக்காரருக்கு விட்டேன். ஆபரேஷன் கண்ணுக்கு ஒரு நாளைக்குப் பல தடவை. அவர் சொட்டு விழுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு, விழுந்துவிட்டது என்று சாதிப்பார். பிறகு முறை மாறியது. அவருக்கு மருந்து நின்றது, எனக்குத் தொடர்ந்தது. சாப்பிட்டு முடித்ததும் கட்டிலில் படுப்பேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, கீழ் இமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு விடுவார். கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். புதுக் கண் வந்த பிறகு அவர் குறி தப்பியதே இல்லை. ஆட்டுக் குட்டிக்கு மருந்து புகட்டுகிற கை அல்லவா அது.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. மருந்து தொடங்கிய சில வாரத்தில் கண் சிவந்து அரித்தது. யூனிட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளி உட்கார்ந்தார்கள். மருந்தை நிறுத்தச் சொல்லாத ஆளில்லை. எனக்கும் நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றியது. போட்டால் எந்தச் சுகமும் தெரியாத மருந்து, நிறுத்தினால் அரிப்பாவது போகுமே. அப்போது வீட்டுக்காரர் ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்து நின்றார்.

"நீ அன்னைக்கு என்னய இழுத்துட்டுப் போனேல்லா. இன்னைக்கு நான் இழுத்துட்டுப் போறேன். கெளம்பு."

டாக்டரம்மா வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். சிவப்பு அடங்கியது. அடுத்த முறை அளந்தபோது அழுத்தமும் நன்றாக இறங்கியிருந்தது. சிலருக்கு லேசரோ ஆபரேஷனோ தேவைப்படும், எனக்கு இதுவரை சொட்டிலேயே நிற்கிறது. உங்களுக்கும் மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் போய்ச் சண்டை போடுங்கள். நான் போட்ட சண்டைக்கு அவர் பழகிவிட்டார்.

கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னதால், எட்டயபுரத்தில் இருக்கும் என் தம்பியைக் கூட்டிப்போனேன். அவனுக்கு அழுத்தம் மட்டும் கூடியிருந்தது, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரத்தோடு பிடித்துவிட்டார்கள். அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியில் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவனுக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். யூனிட்டிலும் இப்போது நூல் கோத்துக் கொடுக்கக் கூப்பிடுகிறவளிடம், கண்ணைக் காட்டிவிட்டு வா என்றுதான் முதலில் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவர்கள் கண்டிப்பாக வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும், நன்றாகத் தெரிந்தாலும்.

ஒரு வருஷம் கழித்து மறுபடியும் அந்தப் பெட்டிக்குள் முகத்தை வைத்தேன். வெளிச்சம் வராத நேரங்களில் அது வந்துகொண்டுதான் இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். பொத்தானைப் பிடித்த விரல் வேர்த்துப்போனது. டாக்டரம்மா போன வருஷத்துத் தாளையும் இந்த வருஷத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்படியே இருக்கும்மா" என்றார்.

வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. ஒரு வருஷம் மருந்து விட்டும் கொஞ்சம்கூடக் கூடவில்லையா என்று கேட்டார். நான் அதற்குள் அழுது சிரித்துவிட்டேன். இந்த நோயில் அதைவிட நல்ல சேதி கிடையாது என்று வெளியே வந்துதான் அவருக்கு விளக்கினேன். முன்பெல்லாம் வருஷம் என்றால் தீபாவளிச் சீசனில் எத்தனை கவுன், உளுந்து எத்தனை மூட்டை என்று ஏதாவது கூட வேண்டும். இப்போது ஒன்றும் மாறாமல் ஒரு வருஷம் போனால் அதுவே எனக்கு நிறைவாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் போவார், பெண்டாட்டி பத்தடி பின்னால் போவாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவர் முதுகைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறேன். அன்று அவர் என் இடது பக்கமாக வந்தார், வண்டிகள் வருகிற பக்கம். எதிரே வந்த ஊர்க்காரர் ஒருவர், என்ன மச்சான் ஜோடி போட்டு நடக்கீய என்று கேலி செய்தார். இவர் வெட்கப்பட்டு நாலு எட்டு முன்னால் போய்விட்டார். பிறகு நினைவு வந்து நின்று, நான் போய்ச் சேரும்வரை காத்திருந்து, பழையபடி என் இடது பக்கம் வந்துகொண்டார்.

அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. கழுத்தை முழுசாகத் திருப்பினால்தான் அவர் தெரிவார். திருப்பிப் பார்த்தேன்.