மூடியைத் திறந்தால் கரண்ட் இல்லை

1. பெஞ்ச்

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒரு ஸ்டூல், ஒரு பெடல், ஒரு சிவப்புப் பெட்டி கொடுத்தார்கள். கேரளத்தில், பாலக்காட்டுக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் எல்.இ.டி. பல்பு செய்கிற கம்பெனி அது. என்னை டெஸ்டிங் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பதினான்கு வருடமாக அதே பெஞ்சில்தான் இருக்கிறேன். ஸ்டூலை மட்டும் இரண்டு முறை மாற்றிவிட்டார்கள்.

பெஞ்சில் ஐந்து ஹோல்டர்கள் வரிசையாக இருக்கும். மேலே ஒரு கண்ணாடி மூடி. ஐந்து பல்புகளை மாட்டி, மூடியைச் சாத்தி, பெடலை மிதிக்க வேண்டும். எரிகிற பல்பை பெல்ட்டில் விட வேண்டும். எரியாததை சிவப்புப் பெட்டியில் போட வேண்டும்.

சூப்பர்வைசர் பாபு சார் ஒற்றப்பாலத்து மலையாளி. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வரும் எங்களைப் போன்றவர்களிடம் பேசுவதற்காகச் சொந்தமாக ஒரு தமிழ் தயாரித்து வைத்திருந்தார்.

"சேச்சி, லைட் வந்தா பாஸ். வந்நில்லெங்கில் ரிஜெக்ட். வேற ஒண்ணும் ஆலோசிக்கண்டா."

"ஏன் எரியலைன்னு பார்க்க வேண்டாங்களா சார்?"

"அது பார்க்கான் வேற ஆள் உண்டு. அவரோட சம்பளமும் சேச்சிக்கு வேணுமோ?"

நான் பி.காம். படித்தவள். ஆலோசிக்காமல் இருப்பது எனக்கு அப்படியொன்றும் சிரமமாக இல்லை.

ஒரே ஒரு வித்தை மட்டும் கற்றுக்கொண்டேன். சில சமயம் பல்பில் குற்றம் இருக்காது. ஹோல்டருக்குள் ஸ்பிரிங் வைத்த இரண்டு பின்கள் உண்டு. ஓயாமல் மாட்டிக் கழற்றுவதில் ஒரு பின் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்போது மூடியைத் திறந்து, ஹோல்டருக்குள் விரலை விட்டு, பின்னை ஒரு தட்டுத் தட்டினால் வெளியே வந்துவிடும். பார்க்கிறவர்களுக்குப் பகீரென்றிருக்கும். ஆனால் மூடியைத் திறந்த அந்த நொடியே ஹோல்டருக்கு வரும் இரண்டு வயரும் துண்டிக்கப்படும்படி பெஞ்சைச் செய்திருக்கிறார்கள். 'மூடியைத் திறந்தால் கரண்ட் இல்லை' என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியும் இருக்கிறார்கள்.

வருடத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று, குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். பெஞ்சுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பெடலுக்குப் பூச் சுற்றியிருக்கும். போன ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரரும் மகள் தேன்மொழியும் வந்திருந்தார்கள். ஒரு பல்பு எரியவில்லை. நான் மூடியைத் திறந்து விரலை விட்டுத் தட்டினேன். அவள் கண் பெரிதானது.

"அப்பா, அம்மா கரண்டுக்குள்ள கையை உட்டுப்போட்டு எடுக்குது!"

எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுக்காக, அவசியமே இல்லாமல், இன்னொரு முறை தட்டிக் காட்டினேன்.

2. தலைகீழ் ஸ்விட்ச்

தேன்மொழி ஏழாம் வகுப்பு. பள்ளியில் சாஸ்திர மேளா, அறிவியல் கண்காட்சி, வந்தது. எங்கள் டெஸ்டிங் பெஞ்சைப் போலவே ஒன்று செய்து காட்டப்போவதாக டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"யாரு செஞ்சு குடுக்கறதுன்னு சொன்னே?"

"எங்கம்மா பல்பு கம்பெனின்னு சொன்னேன். டீச்சர் அப்ப கவலையே இல்லைன்னுட்டாங்க."

டீச்சருக்கு இல்லாத கவலை எனக்கு வந்தது. ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி.யும் இரண்டு பென்சில் பேட்டரியும் வாங்கி வந்தேன். வயரைச் சுற்றி டேப் ஒட்டினேன். எரியவில்லை. பேட்டரியை மாற்றினேன். எரியவில்லை. என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே பார்த்தார்.

"பதினாலு வருசமா பல்பு கம்பெனிக்குப் போறே. ஒரு பல்பு எரிய மாட்டேங்குதா?"

"நான் செய்யறதில்லீங்க. எரியுதான்னு பார்க்கறது மட்டுந்தானுங்க."

"அப்பச் சரி. எரியலைன்னு பார்த்துட்டயில்ல?"

தேன்மொழிதான் எல்.இ.டி.யைத் திருப்பி மாட்டினாள். எரிந்தது. அதற்கு இரண்டு கால்கள். நீளமான கால் ப்ளஸ் பக்கம் போக வேண்டும். தினமும் அத்தனை பல்பு என் கை வழியாகப் போயும் இது எனக்குத் தெரியாது.

வெளிச்சம் போதவில்லை என்று சதுர பேட்டரி, ஒன்பது வோல்ட், வாங்கி நேராக வைத்தேன். எல்.இ.டி. ஒரு கணம் வெகு பிரகாசமாக எரிந்து அணைந்தது. தீய்ந்த வாசம் வந்தது.

"பாஸா, ரிஜெக்டாம்மா?" என்றாள்.

நடுவில் ரெசிஸ்டர் போட வேண்டும் என்று மொபைல் கடைக்காரர் சொல்லித் தந்தார். போட்டேன். பிறகு ஐந்து எல்.இ.டி.களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தேன். ஒன்றும் எரியவில்லை. பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரெசிஸ்டர் வைத்து, தனித்தனியாகப் பேட்டரிக்கு வயர் இழுத்தேன். ஐந்தும் எரிந்தன. நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம்.

அடுத்தது மூடி. பழைய பிஸ்கட் டப்பாவின் மூடியை கீல் வைத்து மாட்டி, சாத்தினால் அழுந்துகிற மாதிரி ஒரு ஸ்விட்ச் பொருத்தினேன். மூடியைச் சாத்தினால் விளக்கு அணைந்தது. திறந்தால் எரிந்தது.

"வேலை செய்யுதும்மா. மாத்திச் செய்யுது, அவ்வளவுதான்."

தொட்டுப் பார்த்தால் பேட்டரி இட்லி போலச் சுட்டது. ஸ்விட்சை விளக்குகளின் வழியில் வைக்காமல் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில் வைத்திருந்தேன். மூடியைச் சாத்தும்போதெல்லாம் ஷார்ட் ஆகியிருக்கிறது. அதையும் பிரித்து மாற்றினேன். ஒன்பது நாளில், ஏழு தவறுக்குப் பிறகு, மூடினால் எரிந்து திறந்தால் அணைகிற ஒரு டப்பா எங்களிடம் இருந்தது.

அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

3. ஒன்பது வாட்ஸ்

மேளா பகலில் நடக்கும். வெயிலில் அந்தச் சின்ன எல்.இ.டி. எரிவது கண்ணில் தெரியவில்லை. தேன்மொழிக்கு அது குறையாகப் படவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பல்பு கம்பெனிக்காரி மகள் கொண்டுபோகிற டப்பா மினுக்கென்று எரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன்.

கடையில் போய் நிஜமான ஹோல்டர் ஐந்து, ஒன்பது வாட்ஸ் பல்பு ஐந்து, வயர், இரண்டு பின் ப்ளக் வாங்கினேன். பேட்டரியில் கற்ற அதே சர்க்யூட்டை வீட்டுக் கரண்டில் போட்டேன். அதேபோல இன்னொரு டப்பா, அதேபோல மூடி, ஸ்விட்ச். மூடியைச் சாத்தியதும் கூடமே வெளுத்தது.

நான் சோதிக்காமல் விடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மூடியைத் திறந்து வைத்து, ஐந்து ஹோல்டரின் பின்னிலும், கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் எரியவில்லை.

"பாஸ்" என்றேன்.

தேன்மொழி ஒரு அட்டையில் 'மூடியைத் திறந்தால் கரண்ட் இல்லை' என்று அழகாக எழுதி டப்பாவில் ஒட்டினாள்.

எங்கள் வீட்டு மீட்டர் போர்டில் ஒரு இ.எல்.சி.பி. இருக்கிறது. கரண்ட் எங்கேயாவது கசிந்து தரைக்குப் போனால் தானாக விழுந்து மொத்தக் கரண்டையும் நிறுத்திவிடும் ஸ்விட்ச். மழை பெய்தால் மோட்டார் வயர் நனைந்து அடிக்கடி விழும். ஆள் போய்த் தூக்கிவிட வேண்டும். அந்தப் பருவத்தில் எங்களுக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நேராக லைன் கொடுக்கும்படி வயர்மேன் சின்னச்சாமியிடம் நானே சொல்லியிருந்தேன். அவர் மூன்று முறை வருகிறேன் என்றார். மூன்று முறையும் வரவில்லை. போனில் அவரைச் சத்தம் கூடப் போட்டேன்.

4. ஞாயிறு

மழை பெய்துகொண்டிருந்தது. நான் சமையலறையில் மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். தேன்மொழி கூடத்தில் தரையில் உட்கார்ந்து டப்பாவை வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். "வணக்கம், இது டெஸ்டிங் பெஞ்ச்" என்கிற அவள் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது.

மிக்ஸி நின்றது.

இ.எல்.சி.பி. விழுந்துவிட்டது என்று புரிந்தது. சின்னச்சாமியைத் திட்டிக்கொண்டே சமையலறைக் கதவு வழியாகத் தாழ்வாரத்துக்குப் போனேன். மீட்டர் போர்டு அங்கேதான். லீவரில் கை வைத்தேன். தூக்குவதற்கு முன் டிவியை நிறுத்தச் சொல்வது எங்கள் வழக்கம். கரண்ட் சட்டென்று வந்தால் டிவி கெட்டுவிடும் என்று ஒரு பயம்.

"தேனு, டிவி ஆப் பண்ணிட்டயா?"

பதில் இல்லை.

"தேனு! உன்னத்தான் கண்ணு."

பதில் இல்லை. லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.

டப்பாவின் மூடி திறந்திருந்தது. மூன்றாவது பல்பு கழற்றித் தரையில் கிடந்தது. தேன்மொழியின் ஆள்காட்டி விரல் ஹோல்டருக்குள் இருந்தது. கண் விழித்திருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. நான் அவளைப் பிடித்து இழுத்த பிறகுதான் அழுகை வந்தது. அதற்கு முன்போ பின்போ அத்தனை நிம்மதியாக நான் ஒரு அழுகையைக் கேட்டதில்லை.

"பின்னு உள்ள சிக்கிருச்சும்மா. மூடியத் தொறந்துட்டுத்தான் தட்டினேன். நிசமாத்தாம்மா. தொறந்துட்டுத்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. பெஞ்சில் நான் செய்வதை அப்படியே செய்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். விரல் நுனியில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு தீக்காயம். டாக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "வீட்டில் இ.எல்.சி.பி. உண்டல்லே?"

"இருக்குதுங்க" என்றேன். அதைக் கழற்றச் சொல்லியிருந்ததை நான் சொல்லவில்லை. என் மகள் உயிரோடு இருப்பதற்கு ஒரு வயர்மேன் சொன்ன நாளில் வராததுதான் காரணம். இதை எப்படி எழுதினாலும் நன்றாக வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, லீவரைத் தூக்கி, பிடுங்கி வைத்திருந்த ப்ளக்கைச் செருகி, டப்பாவை மறுபடியும் டெஸ்டரால் சோதித்தேன். மூடி திறந்திருந்தது. டெஸ்டர் எரியவில்லை. ப்ளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன். மூடி அதேபோலத் திறந்துதான் இருந்தது. பல்பு ஒன்றும் எரியவில்லை. டெஸ்டர் எரிந்தது.

நான் வைத்த ஸ்விட்ச் ஒரு வயரைத்தான் துண்டித்தது. இரண்டு பின் ப்ளக்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் கரண்ட் வரும் வயர் துண்டிக்கப்படும். திருப்பிச் செருகினால் கரண்ட் திரும்பிப் போகும் வயர் துண்டிக்கப்படும். அப்போது விளக்கு அணைந்திருக்கும். ஹோல்டரில் கரண்ட் காத்துக்கொண்டிருக்கும். நான் சோதித்தபோது ஒரு பக்கம். அவள் செருகியபோது மறுபக்கம். பேட்டரியில் ஏழு தவறு செய்தேன். ஏழும் எனக்குத் தெரிந்தன. எட்டாவது தவறு மட்டும் சரியாக வேலை செய்தது.

5. லைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

திங்கட்கிழமை பெஞ்சில் ஒரு பின் சிக்கியது. மூடியைத் திறந்தேன். விரல் போகவில்லை. மெயினை நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கி, அதை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் தட்டினேன். பெல்ட் காலியாகப் போயிற்று. பாபு சார் வந்துவிட்டார்.

"எந்தா சேச்சி இது? மூடி திறந்தா கரண்ட் இல்லல்லோ."

"தெரியுமுங்க சார்."

"பின்னே?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து பெஞ்சில் ஒட்டியிருந்த எழுத்தை மூன்று மொழியிலும் படித்தார். அவருக்கும் இரண்டு பெண் குழந்தைகள். மறுநாள் எல்லாப் பெஞ்சுக்கும் பின்னை இழுக்க ஒரு பிளாஸ்டிக் கொக்கி வந்தது. இந்தக் குறிப்பை எழுதச் சொன்னதும் அவர்தான்.

ஆகவே எழுதுகிறேன். எரியாத விளக்கு எரியவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. கரண்ட் இல்லை என்று அது சொல்வதில்லை. பெஞ்சில் பழகிய கையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் அந்த பெஞ்ச் இல்லை. தொடுகிறவர் கையில், பிடுங்கிய ப்ளக் இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் நீங்கள் சொல்வதைக் கேட்பதில்லை என்று நினைக்காதீர்கள். நீங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேன்மொழி மேளாவுக்குப் பழைய பேட்டரி டப்பாவைத்தான் கொண்டுபோனாள். வெயிலில் விளக்கு தெரியவில்லை. மார்க் போட வந்த சார் எரிகிறதா என்று குனிந்தார். அவள் இரண்டு கையையும் குவித்து நிழல் கட்டி, "இப்பப் பாருங்க சார்" என்றிருக்கிறாள். பரிசு இல்லை.

அடுத்த வாரம் சின்னச்சாமி வந்தார்.

"ஏனுங்க, அந்த ஸ்விட்சக் கழட்டோணும்னு சத்தம் போட்டீங்களே. எங்கீங்க இருக்குது?"

"வேண்டாங்க."

"மழைக்கு உழுந்துட்டே இருக்குமுங்க."

"உழுகட்டுங்க."

அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். ஏன் இப்படி உபசாரம் என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது டம்ளரும் குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போதும் மழை வந்தால் அது விழுகிறது. வீட்டுக்காரர் சலித்துக்கொள்கிறார். நான் போய் லீவரில் கை வைத்து, "தேனு" என்று கூப்பிடுகிறேன். டிவியைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. "என்னம்மா?" என்று அவள் குரல் வந்த பிறகுதான் தூக்கிவிடுகிறேன். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது விழுந்தால், அவள் வீட்டுக்கு வரும்வரை அப்படியே விட்டுவிடுகிறேன்.