கட்டத்துக்குள் அடங்காத தூயெத் டீச்சர்

ஐஸ் காபியில் பாதி காலியானதும் தூயெத் டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறக்கிறார். அந்தப் பேனாவைத் தலைமை ஆசிரியர் கேட்டால்கூட இரவல் தரமாட்டார். விடைத்தாளின் தலையில் இரண்டு கட்டங்கள்: மதிப்பெண்ணுக்கு ஒன்று, ஆசிரியரின் கருத்துக்கு ஒன்று. சதேக் நகரப் பள்ளியில் மற்ற ஆசிரியர்கள் அதில் 'நன்று' என்று எழுதிக் கடையைக் கட்டிவிடுவார்கள். இவருக்கு அந்தக் கட்டம் மூக்குப்பொடி டப்பா மாதிரி. ஓரத்தில் இறங்கி, பின்பக்கம் போய், அதுவும் போதாமல் துண்டுச்சீட்டு ஒட்டுவார். எழுதுவது அத்தனையும் கேள்விகள்.

இந்த முறை ஒன்பதாம் வகுப்புக்கு 'என் அம்மா' என்று கட்டுரை. நாற்பத்திரண்டு பிள்ளைகளின் அம்மாக்களும் வயலில் குனிந்து நாற்று நட்டுக் கை காய்த்துப்போனவர்கள். எல்லாம் மாதிரிக் கட்டுரைகளின் உபயம். கியெட் என்ற பையனின் தாளில் டீச்சர் எழுதினார்: "யாருடா இந்தம்மா? உங்கம்மா எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடைதானே வச்சிருக்காங்க? வயல் எப்போ வாங்கினாங்க? கடையில என்ன செய்வாங்க, அதைச் சொல்லு."

அந்த மாதிரிக் கட்டுரைகளை நகலெடுத்து விற்பவரே கியெட்டின் அம்மா லியென்தான். மறுநாளே தாளும் கையுமாக வந்து நின்றார்.

"பத்தாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்கு மூணு வாரம்தான் இருக்கு டீச்சர். மாதிரியை அப்படியே எழுதினா பத்துக்கு ஏழு நிச்சயம். உங்க கேள்வியெல்லாம் படிச்சிட்டுப் புள்ளைக்குச் சோறே இறங்கல. அவனுக்கு இடம் கிடைக்கலன்னா நீங்களா வாங்கித் தருவீங்க?"

அந்தப் பயம் டீச்சருக்கும் வருஷா வருஷம் உண்டு. வெளியே சொல்லத்தான் மாட்டார்.

"பதிலுக்கு அவன் எழுதினதைப் படிச்சீங்களா?"

"எனக்கேது நேரம்?"

காலையில் கியெட் கொடுத்த புதுத் தாளை டீச்சர் நீட்டினார். லியென் நின்றபடியே படித்தார். 'இயந்திரத்தில் காகிதம் சிக்கினால் அம்மா அதைத் திட்டுவார். பிறகு தடவிக் கொடுப்பார்' என்ற இடத்தில் களுக்கென்று சிரித்தார். அடுத்த வரியில் சிரிப்பு நின்றது: 'ஊர்ப் பிள்ளைகளின் கட்டுரைகள் நாள் முழுக்க அம்மாவின் கையில்தான் இருக்கும். என்னுடையதை அவர் ஒருமுறையும் படித்ததில்லை.'

லியென் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். மதிப்பெண் கட்டம் காலியாக இருந்ததை அவர் கேட்கவே இல்லை. கருத்துக் கட்டத்தைத்தான் விரலால் தொட்டார்.

"டீச்சர், இதுல நான் அவனை ஒண்ணு கேக்கலாமா?"

தூயெத் டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, அவர் பக்கம் நீட்டினார்.