எலி எங்கே போகும்?

"அத்தா மவுத்தாயிட்டாங்க சார்." ஜமால் பாயின் மகள் அப்பாவின் சாவைப் போனில் சொன்னபோது, மன்னார்குடியில் நம் பள்ளி ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். எதிரே அவருடைய நாற்காலி. அவர் ஆங்கிலம், நான் தமிழ். டப்பாவை மூடிவிட்டேன்.

அவருடைய சொல் பைத்தியம் உங்களுக்கெல்லாம் தெரியும். இண்டஸ்ட்ரி என்றால் முதலில் ஒருவனுடைய ஊக்கம், ஆலையெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்பார். மசில் என்றால் லத்தீனில் சுண்டெலி. கையை மடக்கி, "பாருங்க, எலி ஓடுது!" என்று காட்டுவார். ஒரு மாணவி பரீட்சையில், தன் அப்பா வயலில் கிட்டிப் பொறி வைத்து ஆறு மசில் பிடித்ததாக எழுதிவிட்டாள். பாய் முழு மதிப்பெண் போட்டார்! சண்டைக்குப் போனேன். "லத்தீன்காரன் கேட்டா சரின்னுதான் சொல்லுவான், விடுங்க தமிழய்யா."

போன வருஷம் சம்பா அறுவடை சமயம், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நான் மடக்கவே இல்லை. தானா ஓடுது." தோலுக்கடியில் ஏதோ சின்னதாக முழங்கையிலிருந்து ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. "நெல்லு வாசனை புடிச்சு வந்திருக்கும்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பாவி, நான் ஏன் சிரித்தேன்?

சில மாதங்களில் சாக்பீஸ் கையில் நிற்காமல் விழுந்தது. நரம்பு நோய், மருந்து கிடையாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். கை சூம்பியது. எலி மட்டும் நிற்கவில்லை.

நீடாமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போய், "வலிக்குதா பாய்?" என்றேன்.

"பழைய தமிழ்ல வலின்னா பலம்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த வலி போயிடுச்சு. இந்த வலி இல்லை." கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள இருந்து தின்னுக்கிட்டே இருக்கு. நான் காலியாயிட்டா அது எங்க போகும் தமிழய்யா?"

"எங்கேயும் போகாது" என்று உளறினேன்.

பாயின் மய்யித்தைக் குளிப்பாட்டுவதற்கு முன் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தேன். அசைவில்லை. அப்பாடா, பாயை விட்டது என்று இருந்தது. திரும்பும்போது ரயில்வே கேட் மூடி பஸ் நின்றது. பக்கத்து சீட்டுக்காரர் என் இடது கையைப் பார்த்து, "சார், உங்களுக்கு ஏதோ துடிக்குதே" என்றார்.

இரங்கல் கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னீர்கள், பாயிடமிருந்து தங்களுக்குக் கிடைத்ததாக. என் முறை வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. இந்தச் சித்திரை வெயிலிலும் நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிவது அதனால்தான்.